வெயிலில் கல், மழையில் மாவு

திருவட்டாறு, குலசேகரம் பக்கத்து விளைகளில் சமதரை கிடைப்பது அரிது. சரிவின் மேல்பக்கத்தை வெட்டி, அந்த மண்ணையே கீழ்ப்பக்கம் தள்ளித் தளமாக்கித்தான் வீடும் மாட்டுக்கொட்டகையும் கட்டுகிறோம். இரண்டு கோடை அசையாமல் நின்ற சுவர், ஒரு பெருமழையில் கீழ்ப்பக்கம் மட்டும் இறங்கி, விரல் நுழையும் அளவுக்கு வெடித்துவிடும். கூடுதல் பாரம் எதுவும் ஏற்றவில்லையே, பிறகு ஏன்?

பாரம் கூடவில்லை, அடியில் தண்ணீர் புகுந்திருக்கிறது. கோவில்பட்டிக் கரிசல் நனைந்தால் உப்பும், காய்ந்தால் வெடிக்கும். இது வேறு விதம். கொட்டிய மண்ணில் துகள்களுக்கு நடுவே காற்றிடம் நிறைய. காய்ந்திருக்கும்போது களி பசைபோல் துகள்களைப் பிடித்து நிறுத்துகிறது; கடப்பாரை போட்டாலும் எளிதில் இறங்காது. நனைந்ததும் பசை இளகி, துகள்கள் அந்த இடைவெளிக்குள் விழ, தரை அமுங்கிவிடுகிறது.

காற்று கொண்டுவந்து சேர்த்த மண்ணில் இந்தக் குணம் அதிகம். சீனாவில் ‘லோயஸ்’ எனப்படும் மண்ணைச் செங்குத்தாக வெட்டினாலும் நிற்கும். அதில் குகை வீடுகளே குடைந்திருக்கிறார்கள். நனைந்தால் அதுவே சரியும். காஷ்மீரில் குங்குமப்பூ விளையும் பாம்பூர் மேட்டு நிலங்களிலும் மேலே கிடப்பது அந்த வகை மண்தான். நமக்குப் பக்கத்தில் முட்டத்துச் செம்மணல் தேரியும் காற்று குவித்ததே. மழைநீர் அதை எப்படி அறுத்திருக்கிறது என்று ஒருமுறை போய்ப் பாருங்கள். திருவட்டாற்றுச் செம்மண் அப்படி வந்ததல்ல, பாறை இருந்த இடத்திலேயே மக்கி உண்டானது. ஆனாலும் வெட்டிக் கொட்டி, திம்ஸ் போடாமல் விட்டால் அதுவும் இதே வேலையைக் காட்டும்.

வானம் தோண்டும் முன் செலவில்லாத ஒரு சோதனை உண்டு. கோடையில் இரண்டடி ஆழத்துக்கு ஒரு குழி எடுத்து, அதே மண்ணைத் திரும்பப் போட்டு மூடுங்கள். வழக்கமாகக் கொஞ்சம் மண் மிஞ்சும். மாறாக, குழி நிரம்ப மண் போதவில்லை என்றால் அந்தத் தரையை நம்ப வேண்டாம். கெட்டித்தரை வரை வானத்தை இறக்குங்கள். புதிதாக நிரப்புவதானால் அரை அடிக்கு ஒரு அடுக்காக, கையில் பிடித்தால் உருண்டை நிற்கும் ஈரத்தில் திம்ஸ் போட்டு ஏற்றுங்கள். ‘ஒரு மழை பெய்தால் தானே அமுங்கிவிடும்’ என்று சில கொத்தனார்கள் சொல்வது பாதி உண்மை. அமுங்கும்; எல்லா இடத்திலும் ஒரே அளவாக அமுங்காது. வெட்டிய தரையும் நிரப்பிய தரையும் சேரும் இடத்தில் விரிசல் விழுவது அதனால்தான்.

ஏற்கெனவே கட்டியவர்கள் தண்ணீரைத் திருப்பிவிடுங்கள். கூரைத் தண்ணீர் சுவரோரம் விழக் கூடாது. கோமியமும் கழுவும் தண்ணீரும் தூரத் தள்ளிப் போகட்டும். சுவரை ஒட்டி வாழைக்குத் தடம் எடுப்பது நல்லதல்ல. விரிசலின் இரண்டு முனையிலும் பென்சிலால் கோடு போட்டுத் தேதி எழுதி வையுங்கள். அடுத்த மாதம் விரிசல் கோட்டைத் தாண்டியிருந்தால் சிமென்ட் பூசி மறைப்பது வீண். சுவர் வெளிப்பக்கம் சாய்ந்திருப்பது தெரிந்தால், அன்று மாலையே மாட்டை அவிழ்த்து வேறிடத்தில் கட்டிவிடுங்கள்.