மாநகரப் போஜனம் – 6: பார்க் வீதி

சென்ற வாரம் சித்பூர் சாலையின் நெரிசலில், பிரியாணிக்குள் உருளைக்கிழங்கைப் புதைத்துப் பரிமாறும் கல்கத்தா வழக்கத்தைப் பற்றிச் சொல்லி நிறுத்தியிருந்தேன். இந்த வாரம் நாம் போகவேண்டிய இடம் அங்கிருந்து தெற்கே, சௌரங்கிப் பெருவீதியினின்று கிழக்கு நோக்கிப் பிரிந்து செல்லும் பார்க் வீதி. பதினெட்டாம் நூற்றாண்டில் இந்நகரத்துச் சுப்ரீம் கோர்ட்டின் முதல் பிரதம நீதிபதியாக விளங்கிய சர் எலைஜா இம்பே இங்கே மான்கள் மேயும் தோட்டமொன்றை வைத்திருந்தார் என்பதால் வீதிக்கு இந்தப் பெயர் வந்தது. அதற்கு முன்னர், வெள்ளைக்காரர்களின் சவங்களை அடக்கம் செய்ய எடுத்துச் சென்ற மார்க்கமாதலால், இடுகாட்டுச் சாலை என்றே அதை வழங்கிவந்தார்கள். 1767இல் திறக்கப்பட்ட அந்த மயானம், சம்ஸ்கிருதம் கற்று உலகுக்கு எடுத்துச் சொன்ன சர் வில்லியம் ஜோன்ஸின் சமாதியோடு, இன்றும் அங்கே இருக்கிறது. சர்க்கார் இப்போது அன்னை தெரசாவின் பெயரை வீதிக்குச் சூட்டியிருந்தாலும், டாக்ஸிக்காரரிடம் பார்க் ஸ்ட்ரீட் என்று சொன்னால்தான் வண்டி நகரும்.

ஐரோப்பிய போஜனத்தை இந்நகருக்குக் கொண்டுவந்தவர்கள் ஆங்கிலேயர்கள் என்று எண்ணினால் அது பாதிதான் சரி. ஆங்கிலேயர் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். அவர்கள் கொண்டாடிய கடைகளை நடத்தியவர்களோ இத்தாலியரும் ஸ்விட்ஸர்லாந்துக்காரரும். வைசிராய் மேயோ பிரபுவின் மாளிகையில் தித்திப்புப் பதார்த்தங்கள் செய்வதற்காக 1869இல் கப்பலேறி வந்த ஃபெடரிகோ பெலிடி, பிற்பாடு சொந்தக் கடை வைத்துக் கல்கத்தாவிலும் சிம்லாவிலும் பிரசித்தி பெற்றார். மற்றோர் இத்தாலியரான ஆஞ்செலோ ஃபிர்போ 1917இல் சௌரங்கியில் தொடங்கிய போஜனசாலைக்கு, ராஜப் பிரதிநிதிகளும் சமஸ்தானாதிபதிகளும் சணல் வியாபாரிகளும் ஒருங்கே வந்து போனார்கள். 1927இல் ஸ்விஸ் நாட்டுத் தம்பதியரான ஃப்ளூரிகள் பார்க் வீதியில் தேநீர்சாலை திறந்தார்கள். ஆரம்பத்தில் அவர்களோடு கூட்டாளியாயிருந்த ட்ரிங்கா என்பவர் பின்னர் பிரிந்துபோய், அதே வீதியில் தம் பெயரால் இன்னொன்றை ஏற்படுத்திக்கொண்டார்.

இந்த நாகரிக போஜனத்தின் சரித்திரத்தை எழுதுகிறவர்கள் விளக்குகளையும் வாத்தியங்களையும் பற்றி விஸ்தாரமாக எழுதிவிட்டு, 1943ஆம் ஆண்டுப் பஞ்சத்தை ஒரே வாக்கியத்தில் தாண்டிப் போய்விடுகிறார்கள். அவ்வாறு தாண்ட எனக்கு மனம் வரவில்லை. யுத்தத்தின் நிமித்தம் ஆங்கில, அமெரிக்கப் பட்டாளத்தார் நகரமெங்கும் நிறைந்திருந்த காலம் அது. கிராண்ட் ஹோட்டலில் அமெரிக்காவின் கறுப்பினப் பியானோ வித்வான் டெடி வெதர்ஃபோர்டின் கோஷ்டி ஜாஸ் வாசித்துக்கொண்டிருந்த அதே நாட்களில், வங்காளத்துக் கிராமங்களிலிருந்து வந்து குவிந்த பஞ்சைகள், சோறு கேட்பதற்குக்கூடத் துணிவில்லாமல், சோறு வடித்த கஞ்சியை மட்டும் ஊற்றுங்கள் என்று வீட்டுக்கு வீடு மன்றாடி, கிடைக்காமல் நடைபாதைகளிலேயே மாண்டுபோனார்கள். அவ்வாண்டு ஆகஸ்டில் 'ஸ்டேட்ஸ்மன்' பத்திரிகை அந்தப் பஞ்சக் காட்சிகளின் படங்களை வெளியிட்ட பிறகுதான், அதிகாரிகள் மூடி மறைத்த விஷயம் வெளியுலகுக்குத் தெரிந்தது. மாகாணம் முழுவதும் மாண்டவர்களின் தொகையை முப்பது லட்சம் வரையில் மதிப்பிடுகிறார்கள். வெதர்ஃபோர்டும் 1945இல் இதே நகரத்தில் காலரா கண்டு காலமானார்.

சுதந்திரத்துக்குப் பின் வெள்ளைக்காரர்கள் சிறிது சிறிதாக வெளியேறினார்கள். போஜனசாலைகளும் அவர்களோடு மறைந்திருக்க வேண்டுமென்பதுதான் நியாயமான ஊகம், நடந்ததோ நேர்மாறு. 1950களிலும் 60களிலும்தான் பார்க் வீதியின் இராத்திரிகள் உச்சத்தை எட்டின. மோகாம்போ வந்தது, மேற்கூரையை நட்சத்திரங்கள் மின்னும் ஆகாயமாகச் சமைத்த ஸ்கைரூம் வந்தது, புளூ ஃபாக்ஸ் வந்தது. பாம் கிரேன் என்ற ஆங்கிலோ-இந்தியப் பாடகியின் குரலுக்காகவும், சற்றுப் பின்னர் லூயி பாங்க்ஸின் பியானோவுக்காகவும் ஜனங்கள் வெளியூரிலிருந்துகூட வந்தார்கள். 1959இல் ஓம் பிரகாஷ் பூரியும் எல்லிஸ் ஜோஷுவாவும் ட்ரிங்காஸைக் கையேற்றார்கள். பத்தாண்டுகள் கழித்து, 1969இல், சென்னை மவுண்ட் ரோடில் சஃபையர் தியேட்டர் கட்டடத்து 'நைன் ஜெம்ஸ்' விடுதியில் பாடிப் பழகிய ஒரு தமிழ்ப் பெண், நீளக் கவுன் அணிந்த பாடகிகளையே கண்டு பழகிய அந்த மேடையில் புடவையும் பெரிய பொட்டுமாக ஏறி நின்றார். அப்போது அவர் உஷா ஐயர். இப்போது உஷா உதூப். புடவைக்காரி பாடுவாளா என்று ஏளனமாக நிமிர்ந்து பார்த்தவர்கள் இருந்திருக்கத்தான் வேண்டும். அவரோ அந்த நகரத்தின் பாடகியாகவே ஆகிவிட்டார்.

பிற்பட்ட சரிவை விரிவாகச் சொல்லப் போவதில்லை. நக்ஸலைட் கலவரங்கள், நாள் தவறாத மின்வெட்டு, மேடை சங்கீதத்தின் மீது விழுந்த கேளிக்கை வரி, தொழிற்சாலைகளோடு வெளியேறிய செல்வந்தர்கள் என்று ஒவ்வொன்றாகச் சேர்ந்து, வாத்தியங்கள் மௌனமாயின. ஸ்கைரூம் 1993இல் மூடப்பட்டது. ஃபிர்போவின் பெயர் ஒரு துணிமணிக் கடைத்தொகுதியின் முகப்பில் மிஞ்சியது.

இனி, சாப்பாட்டுக்கு வருவோம். மோகாம்போவில் சிவப்பு ஆசனங்களுக்கு நடுவே, தாழத் தொங்கும் விளக்கின் கீழ் உட்கார்ந்ததும், பேரர் கொண்டுவந்து வைக்கும் அட்டையைப் படிப்பதே ஒரு பழைய புத்தகத்தைப் புரட்டுவது போலத்தான் இருக்கும். டெவில்ட் கிராப் என்று ஒன்று: நண்டின் சதையைப் பிரித்தெடுத்து, கடுகின் காரமும் பாலாடைக்கட்டியும் சேர்ந்த வெண்குழம்பில் பக்குவம் செய்து, மறுபடியும் அதன் ஓட்டுக்குள்ளேயே நிரப்பி, மேற்புறம் பொன்னிறமாகச் சிவக்கும்வரை அடுப்பில் வாட்டித் தருகிறார்கள். ஃபிஷ் அ லா டயானா என்பது, நம் கடற்கரைகளில் கொடுவா என்றும் வங்காளத்தில் பேட்கி என்றும் வழங்கும் மீனின் முள்ளில்லாத துண்டத்துக்குள் இறாலை வைத்து மூடிச் செய்வது. சிக்கன் டெட்ரஸீனி என்னும் பதார்த்தத்தின் ஜாதகமோ இன்னும் விசித்திரம்: இத்தாலிய சங்கீத நாடக மேடையின் பெரும் பாடகி லூயிஸா டெட்ரஸீனியின் கௌரவார்த்தம் அமெரிக்காவில் பிறந்த அது, வங்காளிக் குடும்பங்களின் பிறந்தநாள் விருந்தில் வந்து அமர்ந்திருக்கிறது. வெண்ணெயை உள்ளே ஒளித்துப் பொரித்த கீவ் கோழியைக் கத்தியால் கீறும்போது, சட்டையைக் காத்துக்கொள்ளும் சாமர்த்தியம் கல்கத்தாக் குழந்தைகளுக்கே கைவந்திருக்கிறது.

பாரிஸ் நகரத்துச் சமையற்காரர் எவரேனும் இவற்றைச் சுவைத்தால், இது எங்கள் நாட்டுப் பாகமே அல்ல என்று கைவிரித்துவிடுவார். மாவும் பாலும் வெண்ணெயும் கூட்டிக் கெட்டியாகக் காய்ச்சும் குழம்பை அங்கே ஒதுக்கிவைத்து வெகுகாலமாகிறது. ஆனால் அவரைக் கேட்பானேன்? சமைத்துப் போட்ட இத்தாலியரும் போய், உண்டு களித்த துரைமார்களும் போய், மூன்று தலைமுறையாக இதைச் செய்கிறவர்களும் தின்கிறவர்களும் இந்த ஊர்க்காரர்களேயான பிறகு, இது கல்கத்தாவின் சுதேசிச் சமையல்களில் ஒன்று என்பதே என் அபிப்பிராயம். அதை அசலோடு ஒப்பிட்டுக் குறைகூறுவது, அசல் எதுவென்றே அறியாதவர் செய்யும் காரியம். கல்லூரி வீதிப் பக்கத்தில் 1918 முதல் நடந்துவரும் தில்குஷா கேபினில், ஆங்கிலேயரின் கட்லெட்டை முட்டை நுரையில் முக்கிப் பொரித்துக் கவிராஜி என்று பெயரும் வைத்துக்கொண்ட வங்காளி, பார்க் வீதியில் செய்ததும் அதே வேலைதான். இங்கே வெள்ளைத் துணி விரித்து, முள்கரண்டியும் வைத்துச் செய்தான், அவ்வளவே.

பீட்டர் கேட் இதற்கு இன்னும் நல்ல உதாரணம். 1975இல் தோன்றிய இந்தப் போஜனசாலைக்கு, லண்டன் லார்ட்ஸ் கிரிக்கெட் மைதானத்தில் பல்லாண்டு வசித்து, செத்தபோது 'விஸ்டன்' ஆண்டுமலரிலேயே மரணக்குறிப்புப் பெற்ற ஒரு பூனையின் பெயரை வைத்திருக்கிறார்கள்; பரிமாறுகிறவர்களுக்கோ தலைப்பாகைக் கோலம்; எல்லாரும் கேட்டு வாங்குவதோ ஈரான் தேசத்துச் செலோ கபாப். வெண்ணெய்ச் சோறு, அதன்மேல் பொரித்த முட்டை, ஆட்டிறைச்சிக் கபாப், கோழித் துண்டங்கள், வாட்டிய தக்காளி என்று தட்டு நிரம்பி வருகிறது. குங்குமப்பூச் சோற்றையும் சுமாக் பொடியையும் எதிர்பார்க்கும் ஈரானியர் ஏமாந்துபோவார். நான் ஏமாறவில்லை, சோற்றின் உஷ்ணத்தில் வெண்ணெய் உருகி, முட்டையின் மஞ்சளோடு கலந்து கபாபின் காரத்தைத் தணிக்கும் அந்தப் பக்குவம் பிசகாமல் இருக்கிறது. பீட்டர் கேட் அமைந்துள்ள ஸ்டீபன் கோர்ட் கட்டடத்தில் 2010 மார்ச்சில் மூண்ட தீ நாற்பதுக்கும் மேற்பட்டோரின் உயிரைக் கொண்டுபோனதையும், மாடியை அண்ணாந்து பார்த்துவிட்டு உள்ளே போகிறவர்கள் நினைத்துக்கொள்வது நல்லது.

அதே கட்டடத்து மூலையில்தான் ஃப்ளூரிஸ் இருக்கிறது. அங்கே இராத்திரி போஜனத்துக்குப் போவதில் அர்த்தமில்லை. காலையில் வீதி விழிக்கும் நேரத்தில் கண்ணாடிச் சுவரோரம் இடம் பிடித்து, தேநீரும் வாட்டிய ரொட்டியும், முடிவில் ரம் வாசனையுள்ள சாக்லேட் உருண்டை ஒன்றும் வாங்கிக்கொள்ள வேண்டும். புதுப்பித்த பிறகு மெருகு கொஞ்சம் மிஞ்சிவிட்டதென்று பழைய வாடிக்கைக்காரர்கள் முணுமுணுக்கிறார்கள். இருந்தும், ஞாயிற்றுக்கிழமை காலையில் பத்திரிகையும் கையுமாக முணுமுணுத்துக்கொண்டே வந்துவிடுகிறார்கள்.

சைவ போஜனக்காரர்களுக்கு இந்த வீதி அவ்வளவு தாராளமானதல்ல என்பதை மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். காய்கறிகளை வெண்குழம்பிலிட்டு வாட்டிய ஒரு பதார்த்தம் எங்கும் கிடைக்கும். இரண்டாவது வேளைக்கு அலுத்துப்போகும். அவர்கள் மெட்ரோ ரயிலேறி, தமிழர்கள் தலைமுறைகளாகக் குடியிருக்கும் லேக் மார்க்கெட் பக்கம் போய் இட்லியும் காப்பியும் சாப்பிடுவது உத்தமம். மற்றவர்களுக்கு ஒரு யோசனை: வீதி முழுவதும் தோரண விளக்குகள் கட்டும் கிறிஸ்துமஸ் வாரத்தில் வேடிக்கை பார்க்க மட்டும் வாருங்கள், சாப்பிட வராதீர்கள், வாசலில் நிற்கும் வரிசை உள்ளே நகர்வதற்குள் பசியே மறந்துபோகும். சாதாரண நாளில், பகல் பன்னிரண்டு மணிக்குப் போனால் உட்கார இடமும், எது நன்றாயிருக்கும் என்று நிதானமாகச் சொல்லப் பேரரும் கிடைப்பார்கள். அவர் சொல்வதை வாங்குங்கள். அடுத்த வாரம், தோல் பதனிடும் கொட்டகைகளுக்கு நடுவே சீனர்கள் அடுப்பு மூட்டிய தாங்ராவுக்குப் போவோம்.