பால்வாடிப் பிள்ளைக்கு மாஸ்க் எதற்கு?

நடுவர் ஐயா அவர்களே, எதிரணியில் அமர்ந்திருக்கிற அன்பு நண்பர்களே, அமராவதி ஆற்றங்கரையிலே கரும்பும் நெல்லும் விளைகிற இந்த மடத்துக்குளம் மண்ணிலே, மில் பஸ்ஸை விட்டு இறங்கி வீட்டுக்குக்கூடப் போகாமல் நேராக இங்கே வந்து உட்கார்ந்திருக்கிற தாய்மார்களே, பெரியோர்களே, உங்கள் எல்லோருக்கும் என் பணிவான வணக்கம்.

எனக்கு முன்னால் பேசிய எதிரணித் தம்பி ஒரு கேள்வி கேட்டார். "கொரோனா மாதிரி இன்னொன்று வந்தால், பால்வாடிக்குப் போகிற மூணு வயசுப் பிள்ளைக்கு மாஸ்க் போடணுமா, வேண்டாமா? ஒரே வார்த்தையில சொல்லுங்கம்மா" என்றார். ஒரே வார்த்தையில் சொல்லிவிட்டு உட்கார்ந்தால் டிவிக்காரர்கள் எனக்குப் பஸ் காசு தருவார்களா? (சிரிப்பு) இருந்தாலும் சொல்லிவிடுகிறேன். பிள்ளைக்கு வேண்டாம். டீச்சருக்கு வேண்டும், ஆயாவுக்கு வேண்டும், பிள்ளையைக் கொண்டுவந்து விடுகிற நமக்கு வேண்டும். இதுதான் எங்கள் அணியின் கட்சி.

முதலில் இந்த மாஸ்க் என்ன செய்கிறது என்று பார்த்துவிடலாம். திருப்பூர் மாவட்டத்தில் நின்றுகொண்டு துணியைப் பற்றி நான் பேசுவது கொல்லன் தெருவிலே ஊசி விற்கிற கதைதான். 2020-இல் ஊரடங்கு போட்டு ஏற்றுமதி ஆர்டர் எல்லாம் நின்றுபோனபோது, இங்கே எத்தனை பனியன் கம்பெனிகள் மாஸ்க் தைத்தன! உங்களுக்குத் தெரியாததா? பனியன் துணியை இழுத்தால் என்ன ஆகும்? கண்ணி விரியும். பிள்ளை முகத்திலே மாட்டி, காதுக்குப் பின்னால் இழுத்து முடிச்சுப் போட்டால் அதே கதைதான். தும்மலில் வருகிற பெரிய துளியை அது தடுக்கும். காற்றிலே மிதக்கிற நுண்துளி விரிந்த கண்ணி வழியாகவும் போகும், கன்னத்து ஓரத்து இடைவெளி வழியாகவும் போகும். மாஸ்க் பலன் தரவேண்டுமென்றால் மூக்கிலிருந்து தாடை வரை ஒட்டி இருக்க வேண்டும், ஈரமாகக் கூடாது, கை அதைத் தொடக் கூடாது. மூன்று வயதுப் பிள்ளையிடம் இந்த மூன்றில் எதை எதிர்பார்ப்பீர்கள்?

பால்வாடி மறுபடி திறந்த புதிதில் எனக்குத் தெரிந்த ஒரு டீச்சரம்மாவிடம் கேட்டேன். "காலையில பதினஞ்சு மாஸ்க் வந்துச்சுங்கக்கா. சாயங்காலமும் எண்ணிப் பாத்தா பதினஞ்சு சரியா இருந்துச்சு. யாரோடது யார் மூஞ்சியில இருக்குதுன்னுதான் தெரியலீங்" என்றார். (சிரிப்பு) பொம்மை போட்ட மாஸ்க்குக்குச் சண்டை. ஒருத்தன் ஒழுகுற மூக்கோடு தன் மாஸ்க்கைக் கழற்றிப் பக்கத்துப் பாப்பாவுக்குக் கொடுத்துவிட்டு அதனுடையதை வாங்கிப் போட்டுக்கொண்டானாம். இன்னொருத்தன் சத்துமாவு உருண்டையை அதற்குள் வைத்து முடிந்து, தம்பிக்கென்று டவுசர் பாக்கெட்டில் வைத்திருந்தானாம். மாஸ்க் அன்றைக்குச் செய்த ஒரே நல்ல காரியம் அதுதான் என்று நினைக்கிறேன். (கைதட்டல்)

சிரிப்பு ஒரு பக்கம் இருக்கட்டும். இரண்டு வயது நிறையாத குழந்தைக்கு மூச்சு முட்டினால் தானாக அதைக் கழற்றத் தெரியாது. மத்தியானம் பாயிலே வரிசையாகத் தூங்கப் போடுகிறோமே, அப்போது முகத்தில் துணி கட்டியிருந்தால் ஆபத்து. இதில் எந்த நாட்டு டாக்டருக்கும் கருத்து வேறுபாடு கிடையாது. தகராறெல்லாம் இரண்டு வயதுக்கும் ஐந்து வயதுக்கும் நடுவில்தான்.

எதிரணியில் அமெரிக்காவைக் காட்டினார்கள். உண்மைதான். அங்கே கொரோனாக் காலத்தில் இரண்டு வயதிலிருந்தே போடச் சொன்னார்கள். ஆனால் உலக சுகாதார நிறுவனமும் யுனிசெஃபும் 2020 ஆகஸ்டில் என்ன சொன்னார்கள்? ஐந்து வயதும் அதற்குக் கீழும் உள்ள பிள்ளைகளைக் கட்டாயப்படுத்தக் கூடாது. ஆறிலிருந்து பதினொன்று வரை இடம் பொருள் பார்த்து. பன்னிரண்டிலிருந்து பெரியவர்களைப் போல. நம்முடைய மத்திய சுகாதாரச் சேவைகள் இயக்குநரகம் 2021 ஜூனில் ஐந்து வயது வரை மாஸ்க் பரிந்துரை இல்லை என்று சொன்னது. மத்திய அரசு 2022 ஜனவரியில் வழிகாட்டுதலைத் திருத்தியபோதும் அதையே சொன்னது.

ஒரே நோய்க்கு எப்படி இரண்டு தீர்ப்பு? அந்த வயதுப் பிள்ளைகளை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்கு மாஸ்க் போட்டு, மறுபாதிக்குப் போடாமல் முறைப்படி சோதித்த பரிசோதனை எதுவும் அப்போது கையில் இல்லை. பெரியவர்களுக்கு இருந்தது. பங்களாதேஷில் 600 கிராமங்களில், 3 லட்சத்துக்கும் மேற்பட்ட பெரியவர்களை வைத்துச் செய்தார்கள். சர்ஜிகல் மாஸ்க் கொடுத்து வலியுறுத்திய கிராமங்களில் அறிகுறியோடு வந்த தொற்று சுமார் 11 சதவீதம் குறைந்தது. 60 வயது தாண்டியவர்களுக்கு 35 சதவீதம். துணி மாஸ்க் கொடுத்த கிராமங்களில் அப்படித் தெளிவான பலன் தெரியவில்லை. அதனால்தான் ஐயா, மாஸ்க்கே வீண் என்று நான் பேசவில்லை. யாருக்கு, எந்த மாஸ்க் என்பதுதான் பேச்சு.

குழந்தைகள் விஷயத்தில் கிட்டத்தட்ட ஒரு சோதனை தானாகவே நடந்தது. ஸ்பெயின் நாட்டில் கட்டலோனியா என்று ஒரு பகுதி. 2021 செப்டம்பரில் தொடங்கிய பள்ளிப் பருவத்தில் ஆறு வயதுக்கு மாஸ்க் கட்டாயம், ஐந்து வயதுக்குக் கிடையாது. 3 முதல் 11 வயது வரை ஏறக்குறைய 6 லட்சம் பிள்ளைகளின் கணக்கை எடுத்துப் பார்த்தார்கள். போடாத ஐந்து வயதுக்கும் போட்ட ஆறு வயதுக்கும் பரவலில் சொல்லிக்கொள்ளும்படி வித்தியாசம் இல்லை. வயது ஏற ஏறப் பரவல் ஏறியது, அவ்வளவுதான்.

ஆனால் ஒன்றை மறைக்கக் கூடாது. எதிரணி சொல்ல மறந்ததை நானே சொல்கிறேன். அமெரிக்காவில் யேல் பல்கலைக்கழகத்துக்காரர்கள் காப்பகங்களில் வேலை செய்கிற 6,654 பேரிடம் விசாரித்தார்கள். இரண்டு வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகளுக்கு மாஸ்க் போட்ட காப்பகங்கள், அடுத்த ஓராண்டில் கொரோனாவால் மூடப்படுவது 13 சதவீதம் குறைவாக இருந்தது. பிள்ளைக்கு மாஸ்க் போடுகிறவர்கள் மற்ற எல்லாவற்றிலும் கவனமாக இருப்பார்களே என்று கேட்கலாம். அவர்களும் அதைக் கழித்துக் கணக்குப் போடத்தான் பார்த்தார்கள். இந்த 13 சதவீதத்தை நான் அலட்சியம் செய்ய மாட்டேன். ஏன் தெரியுமா?

மூடினால் என்ன ஆகும் என்று இந்த ஊருக்குத் தெரியும். 2020 மார்ச்சில் அங்கன்வாடிகள் பூட்டியவை பூட்டியவைதான். சத்துமாவும் அரிசி பருப்பும் வீட்டுக்கு வந்தன. பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஆள் வரவில்லை. தமிழ்நாட்டில் எல்கேஜி, யுகேஜி வகுப்புகள் திறந்தது 2022 பிப்ரவரி 16-ஆம் தேதி. கிட்டத்தட்ட இரண்டு வருஷம்! இங்கே கைமடிக்கிற பெண்ணும் செக்கிங் பார்க்கிற பெண்ணும் ஒன்றரை ஷிப்ட் ஓட்டினால்தான் சனிக்கிழமை கையில் நாலு காசு நிற்கும். பிள்ளையை யாரிடம் விடுவது? முப்பது பெண்களுக்கு மேல் வேலை செய்கிற தொழிற்சாலையில் ஆறு வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கு அறை வேண்டும் என்று 1948-ஆம் வருஷத்துச் சட்டமே சொன்னது. அந்த அறையிலே பிள்ளை இருந்ததா, கட்டிங் வேஸ்ட் மூட்டை இருந்ததா என்பதை நான் மேடையில் சொல்ல வேண்டாம், உங்களுக்கே தெரியும். (கைதட்டல்)

ஆகவே, திறந்து வைக்க வேண்டும் என்பதில் எதிரணிக்கும் எங்களுக்கும் சண்டையே இல்லை. எதைச் செய்து திறந்து வைப்பது என்பதில்தான் சண்டை.

சமையலறையில் மிளகாய் தாளித்தால் திண்ணையில் உட்கார்ந்திருக்கிற தாத்தா தும்முகிறார். ஜன்னலைத் திறந்துவிட்டால் நெடி போய்விடுகிறது. கொரோனாவும் மூடிய அறைக் காற்றில் அந்த மாதிரித்தான் நிற்கும். முதல் மருந்து ஜன்னல். இரண்டாவது மருந்து வேப்பமரத்தடி. பிள்ளைகளை மரத்தடியில் உட்காரவைத்துப் பாட்டுச் சொல்லிக்கொடுக்கிற டீச்சர், எட்ட நின்று மாஸ்க்கைக் கொஞ்சம் இறக்கிக்கொள்ளலாம். இதை வேண்டுமென்றேதான் சொல்கிறேன். குழந்தை காதால் மட்டும் பேசக் கற்பதில்லை, வாயைப் பார்த்துக் கற்கிறது. பேசுகிறவர் வாயை அது ஒரு வயதுக்கு முன்பே உற்றுப் பார்க்கத் தொடங்கிவிடும். உலகத்திலே வேறு பாஷைக்காரன் எப்படியோ போகட்டும், நமக்கு ல, ள, ழ என்று மூன்று இருக்கிறதே! நாக்கு எங்கே மடிகிறது என்று பார்க்காமல் பிள்ளை வாழைப்பழம் சொல்லுமா? பார்த்தே பாதிப் பேர் 'வாளப்பளம்' என்கிறோம். (சிரிப்பு)

"அம்மிணி, பிள்ளைக்கு ஒண்ணும் ஆகாதுங். அது வீட்டுக்குக் கொண்டுட்டு வந்து அப்பத்தாளுக்குக் கொடுத்துருச்சுன்னா?" என்று எதிரணிப் பெரியவர் கேட்டார். நியாயமான கேள்வி. பிள்ளைகளுக்கு வரவே வராது என்று நாங்கள் சொல்லவில்லை. 2021 ஜூன், ஜூலையில் ஐசிஎம்ஆர் நாடெங்கும் ரத்தம் எடுத்துப் பார்த்தபோது, 6 முதல் 9 வயதுப் பிள்ளைகளில் 57.2 சதவீதம் பேருக்கு எதிர்ப்பொருள் இருந்தது. அந்த வயதுக்கு இங்கே தடுப்பூசியே இல்லாத காலம். பள்ளிக்கூடம் பூட்டிக் கிடந்த காலம். அப்படியானால் பிள்ளைக்கு எங்கே ஒட்டியது? பெரும்பாலும் வீட்டில்தான். மில் பஸ்ஸில், சந்தையில், கல்யாண மண்டபத்தில் நாம் வாங்கிவந்து கொடுத்ததுதான். மிகச் சில பிள்ளைகளுக்கு அது இதயம் வரை போய்ப் படுத்தியதும் உண்டு. அப்பத்தாவைக் காப்பாற்ற வேண்டுமா? அப்பத்தாளுக்கு ஊசி போடுங்கள். பஸ்ஸில் வருகிற மருமகள் மூக்கை மூடிக்கொள்ளட்டும், மகனும்தான். ஆண்கள் எல்லோரும் தாடையில்தானே மாட்டியிருந்தீர்கள்! (சிரிப்பு, கைதட்டல்) பெரியவர்கள் இறக்கிவிட்ட மாஸ்க்கைச் சின்னப் பிள்ளை முகத்தில் ஏற்றிக் கட்டுவது நியாயமா, நடுவர் ஐயா? கீமோ மாதிரி கடுமையான சிகிச்சையில் இருக்கிற பிள்ளை என்றால் அது வேறு. அதை அந்தப் பிள்ளையின் டாக்டர் சொல்வார்.

இன்னும் ஒன்று பாக்கி. காய்ச்சல் வந்த பிள்ளையைப் பால்வாடிக்கு அனுப்பாதே என்கிறோம். எல்லா மாஸ்க்கையும்விட அதுவே பெரிய தடுப்பு. ஆனால் பீஸ் ரேட்டில் வேலை செய்கிற தாய் என்ன செய்வாள்? காலையில் பாராசிட்டமால் மருந்தை ஒரு மூடி ஊற்றிவிட்டு, சூடு இறங்கினதும் கொண்டுவந்து விட்டுவிட்டு, பஸ்ஸைப் பிடிக்க ஓடுவாள். பதினொரு மணிக்கு மறுபடி கொதிக்கும். அவளைக் கோபித்து என்ன பிரயோஜனம்? பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் தாய்க்கு மூன்று நாள் சம்பளத்தோடு லீவு என்று ஒரு கம்பெனி எழுதிக் கொடுக்கட்டும். அது எத்தனை பிள்ளைகளைக் காப்பாற்றும் என்று அப்புறம் கணக்கெடுப்போம். எதிரணி அதைக் கேட்டால் நான் இந்த இடத்திலிருந்து எழுந்து அந்தப் பக்கம் போய் உட்காரத் தயார்.

மணி அடித்துவிட்டீர்கள் ஐயா. வணக்கம். (பலத்த கைதட்டல்)