45 நிமிடத்தில் கிருமியின் பதில்

சிறுநீர்ப்பாதைத் தொற்றுடன் ஒருவர் மருத்துவரைப் பார்க்கப் போகிறார். பெரும்பாலும் ஈ.கோலி என்ற பாக்டீரியாதான் காரணமாக இருக்கும் என்பது மருத்துவருக்குத் தெரியும். ஆனால், இந்த நோயாளியின் உடலில் உள்ள ஈ.கோலி எந்த ஆன்டிபயாட்டிக் மருந்துக்கு மடியும், எதற்கு மசியாது என்பது தெரியாது. ஆய்வகத்திலிருந்து பதில் வர இரண்டு மூன்று நாள் ஆகும். அதுவரை வலியோடு காத்திருக்கச் சொல்ல முடியுமா? அனுபவத்தை வைத்து ஒரு மருந்தை எழுதிக் கொடுக்கிறார்.

ஊகம் தவறினால் தொற்று சிறுநீரகத்துக்கோ இரத்தத்துக்கோ பரவக்கூடும். மருந்துக்கு மசியாத பாக்டீரியாக்கள் நேரடிக் காரணமாகி, 2019ஆம் ஆண்டில் மட்டும் உலகில் ஏறத்தாழ 1.27 மில்லியன் பேர் இறந்ததாக மதிப்பிடப்பட்டுள்ளது.

ஆய்வகம் ஏன் இவ்வளவு தாமதிக்கிறது? அங்கே மாதிரியை அகர் தட்டில் தடவி, பாக்டீரியா வளர ஓர் இரவு காத்திருப்பார்கள். (ஆம், நாம் இனிப்பாகச் சாப்பிடும் அதே அகர் அகர்தான்!) வளர்ந்ததை இன்னொரு தட்டில் பரப்பி, மருந்து தோய்த்த சிறு காகித வில்லைகளை அதன்மேல் வைப்பார்கள். மறுநாள் வில்லையைச் சுற்றி வெற்று வளையம் தெரிந்தால் மருந்து வேலை செய்கிறது என்று பொருள். மலிவான, நம்பகமான முறை. ஆனால், ஈ.கோலி ஒன்றும் சோம்பேறி அல்ல. நல்ல சூழலில் 20 நிமிடத்துக்கு ஒருமுறை இரண்டாகப் பிரியும். நம் கண்ணுக்குத் தெரிய அது பல மில்லியனாகப் பெருக வேண்டியிருப்பதால்தான் இத்தனை மணி நேரம்.

பெருகும்வரை காத்திராமல், ஒவ்வொரு பாக்டீரியாவையும் தனித்தனியே பார்த்தால் என்ன? சுவீடனின் உப்சாலா பல்கலைக்கழகத்தில் யோஹான் எல்ஃப் குழுவினர் 2017இல் அதைச் செய்து காட்டினர். அவர்களுடைய சில்லில் ஆயிரக்கணக்கான நுண்கால்வாய்கள் உள்ளன. ஒவ்வொன்றின் அகலமும் ஒரு மில்லிமீட்டரின் ஆயிரத்தில் ஒரு பங்கைவிடச் சற்றே அதிகம். பாக்டீரியாக்கள் ஒன்றன்பின் ஒன்றாகத்தான் நுழைய முடியும். கால்வாயின் மறுமுனை இன்னும் குறுகல். தேநீர் வடிகட்டியைப் போல அது நீரை விட்டுவிட்டுப் பாக்டீரியாவைப் பிடித்துக்கொள்ளும்.

பிறகு, கால்வாய்களில் ஒரு பாதிக்கு வெறும் ஊட்டக் கரைசல். மறுபாதிக்கு அதே கரைசலுடன் மருந்து. நுண்ணோக்கியில் பொருத்திய கேமரா அடுத்தடுத்துப் படம் எடுக்க, கணினி பாக்டீரியாவின் நீளத்தை அளக்கிறது. பிரியப்போகும் பாக்டீரியா சில நிமிடங்களிலேயே நீள்வது தெரியும். மருந்து பலித்தால் அந்த வேகம் குறையும்.

மருந்தில்லாத பாதி எதற்கு? சில பாக்டீரியாக்கள் இயல்பாகவே மெதுவாக வளரும். ஒப்பிட்டுப் பார்க்காவிட்டால் அது மருந்தின் வேலை என்று நினைத்து ஏமாந்துவிடுவோம். ஒரே இனத்துக்குள்ளும் வேகம் ஆளுக்கு ஆள் மாறும். அதனால்தான் ஒன்றிரண்டு போதாமல், ஏராளமான கால்வாய்களின் சராசரியை எடுக்கிறார்கள்.

அந்த ஆய்வில் சோதித்த 9 மருந்துகளின் விளைவும் 30 நிமிடத்துக்குள் தெரிந்தது. அதே வழியில் உருவான பிஏ-100 என்ற கருவி, 2014இல் அறிவிக்கப்பட்ட பிரிட்டனின் லாங்கிட்யூட் பரிசை, 8 மில்லியன் பவுண்டை, பத்தாண்டுக்குப் பின் 2024 ஜூனில் வென்றது. அரை மில்லிலிட்டருக்கும் குறைவான சிறுநீர் போதும். பாக்டீரியா இருக்கிறதா என்பது 15 நிமிடத்திலும், எந்த மருந்து பலிக்கும் என்பது 45 நிமிடத்திலும் தெரிந்துவிடும். நோயாளி மருந்துச் சீட்டோடு வீடு திரும்புவதற்குள் பதில் கையில்!

சிறுநீரில் தொடங்கியதற்குக் காரணம் உண்டு. தொற்றுள்ள சிறுநீரில் ஒரு மில்லிலிட்டருக்கு ஆயிரக்கணக்கில் பாக்டீரியாக்கள் இருக்கும். இரத்தத் தொற்றிலோ அதே அளவு இரத்தத்தில் ஒன்றிரண்டுதான் இருக்கலாம். அவையும் பல பில்லியன் இரத்த அணுக்களுக்கு நடுவே. முதலில் அவற்றைப் பிரித்தெடுக்க வேண்டும். காசநோய்க் கிருமியின் சிக்கல் வேறு. அது ஒருமுறை பிரியவே ஏறக்குறைய 20 மணி நேரம் ஆகும். எவ்வளவு கூர்மையான கேமரா வைத்தாலும், அது நீளும்வரை பொறுத்துத்தான் ஆக வேண்டும்.