குளிர் மலையிலும் கொழுகொழு தக்காளி!

ரசம், குழம்பு, சட்னி, குருமா... தக்காளி இல்லாமல் நம் வீட்டுச் சமையல் நடக்குமா? ஆனால் விலை படுத்துகிற பாடு இருக்கிறதே! 2023 ஜூலையில் கிலோ நூறு ரூபாயைத் தாண்டியது. சென்னை ரேஷன் கடைகளில் 60 ரூபாய்க்கு அரசே விற்க வேண்டி வந்தது. இன்னொரு சமயம், பழனி மலை அடிவாரத்து ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டில் பறிகூலிக்குக்கூடக் கட்டாமல் விவசாயி கலங்கி நிற்பார். இதற்கு நாம் செய்யக்கூடியது, வீட்டில் நாலு செடி வளர்த்து, காய்க்கும்போதே விழுதாக்கி வைத்துக்கொள்வது!

"கொடைக்கானல் குளிர்ல மரத்தக்காளி வரும், செடித்தக்காளி எங்கே வரும்?" என்று கேட்பவர்கள் உண்டு. சுமார் 7,000 அடி உயரம்தான். ஆனாலும் காலம் பார்த்து விதைத்தால் வரும்.

எந்த ரகம்?

நாட்டுத் தக்காளி ரசத்துக்கு ராஜா. ஆனால் சாறு அதிகம். வற்றுவதற்குள் கேஸ் தீர்ந்துவிடும்! விழுதுக்கு ஏற்றது நீளவாக்கில், சதை தடித்து, சாறும் விதையும் குறைந்த ரகம். இத்தாலியின் சான் மர்சானோ, அதே இனத்து ரோமா இரண்டும் பெயர் பெற்றவை. ரோமா குட்டையாக வளர்ந்து, பெரும்பாலும் ஒரே சமயத்தில் பழுக்கும். அதன் பக்கக் கிளைகளைக் கிள்ள வேண்டாம்.

விதைப்பது எப்படி?

டிசம்பர், ஜனவரியில் மலையில் உறைபனி விழும். அதனால் ஜனவரி கடைசியில் வீட்டுக்குள் விதையுங்கள். கொட்டாங்குச்சியில் ஓட்டை போட்டு, செம்மண், மணல், மக்கிய எரு மூன்றையும் கலந்து நிரப்பி, அரை சென்டிமீட்டர் ஆழத்தில் ஊன்றுங்கள். முளைக்க 20 முதல் 25 டிகிரி வெப்பம் வேண்டும். சமையலறையில் கதகதப்பான இடமாகப் பார்த்து வையுங்கள். முளை விட்டதும் ஜன்னல் வெயிலுக்கு மாற்றுங்கள்.

மார்ச் நடுவில், வெயில் படும் சுவரோரம் இரண்டடி இடைவெளியில் நடலாம். தண்டில் பாதியை மண்ணுக்குள் புதைத்தால் அங்கேயும் வேர் விடும். இரவில் 13 டிகிரிக்குக் கீழே போனால் பூ உதிரும். குளிர் அதிகமான இரவுகளில் சாக்கால் மூடி, காலையில் எடுத்துவிடுங்கள்.

பனியும் நோயும்

உருளைக்கிழங்கைத் தாக்கும் பின்பருவக் கருகல் நோய்தான் தக்காளிக்கும் எமன். அமெரிக்கப் பாதிரிமார்கள் கொடைக்கானலில் குடியேறிய அதே 1845-ல் அயர்லாந்தில் பஞ்சத்தைக் கிளப்பியதும் இந்த நோயே! ஈர இலையில்தான் இது பரவும். எனவே உருளைப் பாத்திக்குப் பக்கத்தில் நடாதீர்கள். காலையில், வேரில் மட்டும் தண்ணீர் விடுங்கள். மண்ணைத் தொடும் இலைகளைக் கிள்ளிவிடுங்கள். கருகிய செடியை உடனே பிடுங்கி அப்புறப்படுத்துங்கள்.

காயின் அடிப்பாகம் கறுத்தால் அது வேறு கோளாறு. ஒரு நாள் வெள்ளம், நாலு நாள் வறட்சி என்று தண்ணீர் விட்டால், காய்க்குச் சுண்ணாம்புச் சத்து போய்ச் சேராது. நீளத் தக்காளிக்கு இது அடிக்கடி வரும். சீராகத் தண்ணீர் விட்டு, வேரைச் சுற்றிச் சருகு போடுங்கள்.

உடம்புக்கு நல்லதா?

தக்காளிக்குச் சிவப்பு தருவது லைகோபீன். எண்ணெய் விட்டு வேகவைத்தால் அது உடம்பில் நன்றாகச் சேரும். வைட்டமின் சி மட்டும் சூட்டில் குறையும். "தக்காளி விதை கல் உண்டாக்கும்" என்ற பயம் தேவையில்லை. விதை கல்லாவதில்லை, தக்காளியில் ஆக்சலேட்டும் குறைவுதான். ஆனால் சிறுநீரகக் கோளாறுக்காகப் பொட்டாசியத்தைக் குறைக்கச் சொல்லப்பட்டவர்கள் டாக்டரைக் கேளாமல் விழுதைத் தொட வேண்டாம். வற்ற வற்றப் பொட்டாசியமும் செறிவாகும். நெஞ்செரிச்சல்காரர்களும் அளவோடு சேர்க்கவும்.

விழுது செய்ய...

பழங்களை வேகவைத்துத் தோல் உரித்து, வடிகட்டி, எவர்சில்வர் பாத்திரத்தில் சுண்டக் காய்ச்சுங்கள். புளிப்புக்கு அலுமினியம் ஆகாது. ஆறியதும் ஐஸ் ட்ரேயில் உறைய வைத்து, டப்பாவில் மாற்றி ஃப்ரீசரில் வையுங்கள். பாட்டிலில் அடைத்து வெளியே வைப்பது ஆபத்து.

அடுத்த வருஷத்துக்கு விதை வேண்டுமா? நோயில்லாத செடியில் நன்கு பழுத்த பழத்தின் விதைகளைச் சாறோடு இரண்டு நாள் புளிக்கவிட்டு, அலசி, நிழலில் உலர்த்துங்கள். ஒட்டுவீரிய ரகத்தின் விதை தாயைப் போல வராது. சாதாரண ரகமாகப் பார்த்து வாங்குங்கள். ஒரு தடவை வாங்கினால் வருஷா வருஷம் விதைக்குக் காசு கொடுக்க வேண்டியதில்லை!