புளியங்குளத்துச் சந்தியில் ஜனாதிபதித் தேர்தல்

யாழ்ப்பாணத்திலிருந்து கண்டிக்குச் செல்லும் பெருவீதியில், கனகராயன்குளத்தைக் கடந்து ஓமந்தையை அடையுமுன் வருவது புளியங்குளம். நெடுங்கேணிக்கும் முல்லைத்தீவுக்கும் போகிறவர்கள் கிழக்கே திரும்பும் சந்தி அது. பேருந்தில் போகிறவர்க்கு அது இரண்டு நிமிடத்து ஊர். சில கடைகள், ஒரு புகையிரத நிலையம், அப்பால் காடு, காட்டுக்கு நடுநடுவே குளமும் வயலும், அவ்வளவுதான். ஆனால் சரித்திரம் இவ்வூரை இரண்டு நிமிடத்தில் விட்டுவிடவில்லை. 1997ஆம் ஆண்டு மே மாதம் தொடங்கிய 'ஜயசிக்குறு' இராணுவ நடவடிக்கை மாதக்கணக்காகத் தடைப்பட்டு நின்றது இங்கேதான். 2002ஆம் ஆண்டுப் போர்நிறுத்த உடன்படிக்கைக்குப் பின்னர் விடுதலைப் புலிகளின் சோதனைச் சாவடி அமைந்ததும் இங்கேதான். இராணுவத்தின் சாவடி தெற்கே ஓமந்தையில். ஒரே வீதியில் பயணஞ் செய்தவர்கள் இரண்டு இடங்களில் இறங்கி, இரண்டு அதிகாரங்களுக்கு முன் தம் பொதிகளை அவிழ்த்துக் காட்டிய காலம் அது.

இத்தகைய ஊரில் வாழ்பவர்கள் நாட்டின் ஜனாதிபதி யார் என்பதைப்பற்றி எவ்வாறு வாதிடுவார்கள்? 2024ஆம் ஆண்டு செப்டெம்பர் 21ஆந் திகதி நடந்த தேர்தலுக்கு முந்திய வாரங்களில், மாலை வேளைகளில், சந்தியிலிருந்த ஒரு தேநீர்க்கடையில் அதைக் கேட்டறியும் வாய்ப்பு எனக்குக் கிடைத்தது. நான் ஆசிரியன். தேர்தற் கடமையுள்ள அரசாங்க உத்தியோகத்தன் என்ற முறையில், மாதத் தொடக்கத்திலேயே அஞ்சல் மூலம் என் வாக்கை அளித்து முடித்திருந்தேன். ஆகவே, என்னை எவரும் தம் பக்கம் இழுக்க வேண்டிய அவசியமில்லை. எவருக்காகவும் வாய் திறக்க எனக்கு அனுமதியுமில்லை. இதைவிட நல்ல கேள்வியாளன் ஒரு விவாதத்துக்குக் கிடைப்பது அரிது.

விவாதத்தின் மூத்த குரல், எழுபதை எட்டிக்கொண்டிருந்த ஒரு கமக்காரருடையது. 'வேட்பாளர்' என்ற சொல் அவர் வாயில் வராது. 'அபேட்சகர்' என்றே சொல்வார். நான் சிறுவனாக இருந்தபோது கேட்ட சொல். இப்போது அகராதிக்குள் போய்விட்டது. அவருடைய அரசியல் ஞானம் 1982ஆம் ஆண்டு ஒக்டோபரில் தொடங்குகிறது. இலங்கையின் முதலாவது ஜனாதிபதித் தேர்தல் அது. ஜே. ஆர். ஜயவர்த்தனாவும் ஹெக்டர் கொப்பேகடுவவும் எதிரெதிரே நின்றார்கள். தமிழர் விடுதலைக் கூட்டணி எவரையும் நிறுத்தவில்லை. தமிழ்க் காங்கிரஸ் சார்பில் குமார் பொன்னம்பலம் நின்றார்.

கமக்காரர் அன்றைக்குக் கொப்பேகடுவவுக்கே வாக்களித்தாராம். காரணம் மொழியுமல்ல, இனமுமல்ல, செத்தல் மிளகாய். 1970 முதல் 1977 வரை ஆண்ட அரசாங்கம் மிளகாய், வெங்காயம் முதலியவற்றின் இறக்குமதியைக் கட்டுப்படுத்தியிருந்தது. அவ்வரசில் விவசாய அமைச்சராக இருந்தவர் கொப்பேகடுவ. வடபகுதித் தோட்டக்காரர் கையில் பணம் புழங்கிய காலம் அது. 1977க்குப் பின் திறந்த பொருளாதாரம் வந்தது. மிளகாய் விலை விழுந்தது. "மிளகாய் காயவைச்ச காசிலைதான் கொப்பர் கல்வீடு கட்டினவர் எண்டு என்ர பிள்ளையளுக்குச் சொல்லுவன்" என்றார் அவர். அவர் ஒருவர் மட்டும் அப்படி நினைக்கவில்லை. அத்தேர்தலில் யாழ்ப்பாண மாவட்டத்தில் குமார் பொன்னம்பலம் முதலிடம் பெற, கொப்பேகடுவ இரண்டாமிடம் பெற்றார். நாடு முழுவதையும் வென்ற ஜயவர்த்தனா அங்கே மூன்றாமிடத்திலேயே நின்றார். தமிழ் வாக்காளன் உணர்ச்சியால் மட்டுமே வாக்களிப்பான் என்று எழுதுகிறவர்கள் இந்தக் கணக்கை ஒருமுறை பார்க்கலாம்.

அதன்பின் நடந்த தேர்தல்கள் பலவற்றை வன்னி தூரத்திலிருந்தே பார்த்தது. 2005ஆம் ஆண்டைப்பற்றிக் கேட்டபோது மட்டும் கடையில் ஒரு மௌனம் விழுந்தது. அவ்வாண்டு நவம்பர் 17ஆந் திகதித் தேர்தலை வடக்குப் புறக்கணித்தது. யாழ்ப்பாண மாவட்டத்தில் வாக்களித்தோர் நூற்றுக்கு ஒருவர் என்ற அளவே. கிளிநொச்சித் தொகுதியில் பதிவானது ஒரே ஒரு வாக்கு. மகிந்த ராஜபக்ஷ, ரணில் விக்கிரமசிங்கவை வென்றதோ 1,80,786 வாக்குகளால். அந்த எண்ணை மேசைமேல் வைத்தால் எவரும் தேநீரைக் குடிக்கமாட்டார்கள் போலிருந்தது. "போட்டிருந்தால் யுத்தம் வந்திராது எண்டு ஆர் கண்டது?" என்றார் கடைக்காரர் கடைசியாக. அதற்கு மறுமொழி சொல்ல எவரும் முன்வரவில்லை. நானும் அந்த வாதத்துக்குள் வாசகர்களை இழுக்கப் போவதில்லை. புறக்கணிக்கவேண்டும் என்ற முடிவு இந்தச் சந்தியில் விவாதித்து எடுக்கப்பட்டதல்ல என்பதை மட்டும் குறித்து அப்பாற் செல்கிறேன்.

விவாதம் மறுபடி உயிர்பெற்றது அன்னப்பறவையால். 2010இல் சரத் பொன்சேகா, 2015இல் மைத்திரிபால சிறிசேன, 2019இல் சஜித் பிரேமதாச. மூவருக்கும் சின்னம் அன்னம். வன்னி மூன்று முறையும் அன்னத்துக்கே பெரும்பான்மை அளித்தது. முதலாவது அன்னத்தை நினைத்தால் இப்போதும் வியப்பாக இருக்கிறது. 2009இல் இறுதிப் போரை நடத்திய இராணுவத் தளபதிக்கு, அப்போர் முடிந்து எட்டு மாதத்தில், அதில் அகப்பட்டவர்களே வாக்களித்தார்கள். பலர் வாக்களிக்கப் போகவேயில்லை. நாடு முழுவதும் நூற்றுக்கு எழுபத்துநான்கு பேர் வாக்களிக்க, வன்னி மாவட்டத்தில் நாற்பது பேரளவிலேயே சென்றார்கள். சென்றவர்களும் ஒருவரை விரும்பியல்ல, மற்றவரை விரும்பாமலே சென்றார்கள்.

"மூண்டு தரம் அன்னத்துக்குப் போட்டம், அப்பு. ஒருதரம் வெண்டும் பார்த்தம். இப்ப ஒருக்கா எங்களை நாங்களே எண்ணிப் பார்ப்பமே" என்றாள் முன்பள்ளி ஆசிரியையாக இருந்த ஓர் இளம் பெண். அவள் சங்கின் பக்கம். தமிழ்ப் பொதுவேட்பாளராக நின்ற மட்டக்களப்பு முன்னாள் நாடாளுமன்ற உறுப்பினர் பா. அரியநேத்திரனின் சின்னம் சங்கு. அவர் வெல்வதற்காக நிற்கவில்லை. தமிழர் பிரச்சினை தீரவில்லை என்பதை எண்ணிக்கையாகக் காட்டவே நின்றார். அவருடைய சொந்தக் கட்சியான தமிழரசுக் கட்சியின் மத்திய குழுவோ, செப்டெம்பர் முதலாந் திகதி வவுனியாவிற் கூடி, சஜித்தை ஆதரிக்கத் தீர்மானித்தது. கட்சித் தலைவர்களே இரண்டு மேடைகளில் நிற்கும்போது, கடையில் இரண்டு வாங்குகள் எதிரெதிரே நிற்பது என்ன அதிசயம்!

லொறி ஓட்டும் ஒருவர் திசைகாட்டிக்காரர். "எல்லாரும் ஆண்டு பார்த்திட்டினம், அண்ணை. இவை மட்டும் ஆளேல்லை. களவெடுக்காதவனை ஒருக்கா விட்டுப் பாருங்கோ" என்பது அவர் கட்சி. வடக்கு கிழக்கு இணைப்பை எதிர்த்து வழக்காடி, 2006ஆம் ஆண்டு ஒக்டோபரில் உயர்நீதிமன்றத் தீர்ப்பால் பிரிப்பித்தவர்கள் மக்கள் விடுதலை முன்னணியினரே அல்லவா என்று அந்தப் பெண் கேட்டாள். லொறிக்காரர் சிறிது நேரம் யோசித்துவிட்டு, "அது பழைய கதை" என்றார். பழைய கதை என்று தள்ளக்கூடிய கதை எதுவும் அவ்வூரில் இல்லை என்பது அவருக்கே தெரியும். கடைக்காரர், எரிவாயுச் சிலிண்டர்ச் சின்னத்தில் நின்ற ரணிலை ஆதரித்தார். 2022இல் எரிபொருளுக்காக மக்கள் நாட்கணக்கில் வரிசையில் நின்றதும், அந்த வரிசைகள் பின்னர் மறைந்ததும் அவருடைய ஆதாரம். அவருடைய அடுப்பு மட்டும் முதிரை விறகில் எரிந்துகொண்டிருந்தது.

இவர்களுக்கு வெளியே, தமிழ்த் தேசிய மக்கள் முன்னணியின் வழிநின்று, வாக்களிக்கவே கூடாது என்று வாதித்தான் ஓர் இளைஞன். யார் வந்தாலும் ஒற்றையாட்சிதான். வாக்களிப்பது அதற்குச் சம்மதம் அளிப்பதாகும் என்பது அவன் வாதம். அதில் தர்க்கம் இல்லாமலில்லை. அதற்கு மறுமொழி கூறியவர் கமக்காரர். அதுவே அந்த நாட்களில் நான் கேட்ட சிறந்த வாதம்.

"தம்பி, 2019இலை வந்த ஜனாதிபதி எங்கட வாக்கிலையோ வந்தவர்? இல்லை. ஆனால், 2021இலை அவர் ஒரு கையெழுத்து வைச்சார், என்ர வயலுக்கு உரம் வரேல்லை. நாங்கள் போடாமல் விட்டால் அவற்றை கையெழுத்து ஓமந்தையோடை நிண்டிடுமோ?"

கோட்டாபய ராஜபக்ஷ இரசாயன உர இறக்குமதியைத் தடைசெய்ததும், விளைச்சல் வீழ்ந்ததும், அவ்வாண்டு முடியுமுன் தடை தளர்ந்ததும் நாடறிந்தவை. வன்னியில் அவருக்கு எதிராக நின்றவருக்கு நூற்றுக்கு எண்பதுக்கு மேற்பட்ட வாக்குகள் கிடைத்திருந்தன. பயிர் கருகும்போது வாக்காளர் இடாப்பைப் பார்த்துக் கருகுவதில்லை.

இளைஞன் விடவில்லை. "அப்ப சங்குக்குப் போட்டாலும் வீண்தானே? வெல்லாத ஆளுக்கு ஏன்?" என்றான். அப்போதுதான் என்னிடம் ஒரு கேள்வி வந்தது. வாக்களிக்கும் முறையை விளக்குவது பிரசாரமாகாது என்பதால் வாய் திறந்தேன். எங்கள் ஜனாதிபதித் தேர்தலில் ஒருவருக்கு 1 என்று குறித்துவிட்டு, விரும்பினால் வேறிருவருக்கு 2, 3 என்றும் குறிக்கலாம். செல்லுபடியான வாக்குகளிற் பாதிக்கு மேல் எவரும் பெறாவிட்டால், முதலிருவர் தவிர ஏனையோர் நீக்கப்படுவர். நீக்கப்பட்டோரின் சீட்டுகளில் உள்ள அடுத்த விருப்பு அவ்விருவருள் ஒருவருக்காயின் அது அவர் கணக்கிற் சேரும். 1982 முதல் 2019 வரை நடந்த எட்டுத் தேர்தல்களிலும் முதல் எண்ணிக்கையிலேயே ஒருவர் பாதியைத் தாண்டியதால், இவ்விதி ஏட்டிலேயே உறங்கிக் கிடந்தது.

"அமெரிக்காவிலையும் இப்பிடியோ, மாஸ்டர்?" என்று கேட்டாள் அந்தப் பெண். கமலா ஹாரிஸும் டொனால்ட் ட்ரம்பும் மேடையிலே நேருக்கு நேர் வாதிட்டு ஒரு வாரமாகியிருக்கவில்லை. கமலாவின் தாய்வழிப் பாட்டனாரின் ஊர் திருவாரூர் மாவட்டத்துத் துளசேந்திரபுரம் என்பதால், கடையில் அவருக்கு உரிமையோடு பேச ஆட்கள் இருந்தார்கள். அமெரிக்காவில், மேய்ன் முதலிய ஓரிரு மாநிலங்கள் தவிர, இரண்டாவது விருப்பு என்பது கிடையாது என்றேன். 2000ஆம் ஆண்டு, புளோரிடா மாநிலத்தில் ஜோர்ஜ் புஷ் வென்றது 537 வாக்குகளால். மூன்றாமவராக நின்ற ரால்ஃப் நேடர் அங்கே பெற்றது 97 ஆயிரத்துக்கு மேல். நேடருக்கு வாக்களித்தவர்கள் 2 என்று ஓர் எண்ணை எழுத முடிந்திருந்தால், வெள்ளை மாளிகைக்குப் போனவர் வேறொருவராகவும் இருந்திருக்கலாம். வல்லரசின் வாக்காளனுக்கு இல்லாத ஒரு கருவி புளியங்குளத்து வாக்காளன் கையில் இருக்கிறது என்று நான் சொன்னபோது, கமக்காரர் தம் உள்ளங்கையை ஒருமுறை பார்த்துக்கொண்டார்.

அமெரிக்கா என்ற பெயர் அவ்வட்டாரத்தில் வேறொரு வகையிலும் ஒலிக்கும். வவுனியாவில் காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவினர் 2017ஆம் ஆண்டு முதல் வீதியோரத்தில் இருந்து போராடி வந்தார்கள். தாய்மார் அமெரிக்கக் கொடியைப் பிடித்து நின்ற படங்களை வாசகர்கள் பத்திரிகைகளிற் கண்டிருப்பார்கள். அப்படி மகனைத் தேடும் ஒரு தாய் அன்று சீனி வாங்கக் கடைக்கு வந்திருந்தார். விவாதத்தைச் சிறிது நேரம் நின்று கேட்டார். "இத்தனை பேரிலை ஆர் அம்மா வருவினம்?" என்று கடைக்காரர் கேட்டதற்கு, "ஆரும் வரட்டும். வாறவையிட்டை எங்கட பட்டியல் ஏற்கெனவே இருக்கு" என்று சொல்லிவிட்டுப் போனார். அவர் சொன்னது மெய். ஆணைக்குழுக்களும் 2016ஆம் ஆண்டுச் சட்டத்தால் உருவான காணாமற்போனோர் அலுவலகமும் பெயர்களைத் திரும்பத் திரும்பப் பதிந்திருக்கின்றன. அன்று மாலை அதன்பின் சின்னங்களைப்பற்றிப் பேச்சு எழவில்லை.

தேர்தல் முடிவு யாவருமறிந்ததே. அனுர குமார திசாநாயக்க நூற்றுக்கு 42.31 பெற்று முதலாவதாக வந்தார், பாதியைத் தொடவில்லை. நாட்டின் வரலாற்றில் முதன்முறையாக இரண்டாவது எண்ணிக்கை நடந்தது. நீக்கப்பட்டோரின் சீட்டுகள் ஏறக்குறைய 33 இலட்சம். அவற்றில் இரு முன்னணியாளருக்கும் சேர்ந்த விருப்புகள் 2,73,131 மாத்திரமே. சஜித்துக்கு 1,67,867, அனுரவுக்கு 1,05,264. பன்னிரண்டு இலட்ச வித்தியாசத்தை அது அசைக்கவில்லை. நாற்பத்திரண்டு ஆண்டு உறங்கிய விதி விழித்தபோது, சீட்டுகளிற் பெரும்பாலானவற்றில் அதற்கு வேலை வைக்கப்பட்டிருக்கவில்லை. பாடசாலைகளில் வாய்பாட்டோடு இதையும் ஒரு நாள் கற்பிக்கலாம் என்று தோன்றுகிறது.

வன்னி மாவட்டத்தில் சஜித்துக்கு 95 ஆயிரம், ரணிலுக்கு 52 ஆயிரம், சங்குக்கு 36 ஆயிரம் என்ற அளவில் வாக்குகள் கிடைத்தன. திசைகாட்டி 21 ஆயிரத்தோடு நான்காமிடத்தில் நின்றது. லொறிக்காரர் சில நாட்கள் பிறர் கேலிக்கு ஆளானார், தம் தலைவர் நாட்டை வென்றிருந்தும்! ஆனால், ஐம்பத்துநான்கு நாட்களுக்குப் பின், நவம்பர் 14ஆந் திகதி நடந்த நாடாளுமன்றத் தேர்தலில் அதே வன்னி மாவட்டத்தில் அதே திசைகாட்டி முதலிடம் பெற்று, ஆறு ஆசனங்களில் இரண்டைக் கைப்பற்றியது. இந்த மாற்றத்துக்குப் பண்டிதர்கள் பல காரணம் எழுதினார்கள். கடையிலோ, அது ஜனாதிபதி ஏற்கெனவே வந்துவிட்டதால் வந்த வாக்கு என்றார் கமக்காரர். தமிழ்க் கட்சிகள் தங்களுக்குள் அடிபட்டதன் பலன் என்றாள் ஆசிரியை. இருவரும் ஒருவரையொருவர் மறுக்கவில்லை.

லொறிக்காரர் அன்று எல்லோருக்கும் தம் செலவில் தேநீர் சொன்னார். கமக்காரர் கோப்பையை வாங்கி, ஊதிக்கொண்டே கேட்டார்:

"தம்பி, இது முதலாம் விருப்புத் தேத்தண்ணியோ, இரண்டாம் விருப்போ?"