மாய வெளி – 7: இல்லாதவளுக்காக வேர்த்த கைகள்

கணினி வரைந்த ஒரு பெண்ணுக்கு மின்அதிர்ச்சி கொடுப்பது குற்றமா? வலிக்க அவளுக்கு உடலும் இல்லை, உயிரும் இல்லை. பிறகென்ன குற்றம் என்றுதான் கேட்கத் தோன்றும். 1968-ல் ஐவன் சதர்லேண்ட் உருவாக்கிய, தலையில் மாட்டும் திரை தொடங்கி இன்றைய மெய்நிகர் கருவிகள் வரை சென்ற வாரம் பார்த்தோம். அந்தக் கருவிகள் நம் மனசாட்சியை எங்கே தொடுகின்றன என்பதை லண்டனில் நடந்த ஒரு பரிசோதனை காட்டுகிறது.

அதற்கு ஒரு முன்கதை உண்டு. அதிகாரத்துக்கு மனிதர்கள் எதுவரை கீழ்ப்படிவார்கள் என்று 1961-ல் யேல் பல்கலைக்கழகத்தில் உளவியலாளர் ஸ்டான்லி மில்கிராம் சோதித்தார். பக்கத்து அறையில் இருப்பவர் விடையைத் தவறாகச் சொன்னால் சுவிட்சை அழுத்த வேண்டும். ஒவ்வொரு தவறுக்கும் வோல்ட் ஏறும். அங்கே இருந்தவர் ஏற்பாடு செய்யப்பட்ட ஆள். அவர்மீது மின்சாரம் பாயவே இல்லை. அழுத்தியவர்களுக்கு அது தெரியாது. 1963-ல் வெளியான முடிவின்படி 40 பேரில் 26 பேர் கடைசி 450 வோல்ட் வரை போனார்கள். பலர் வேர்த்து நடுங்கியபடியே அழுத்தினார்கள். மனிதர்களை ஏமாற்றி இப்படி வதைக்கலாமா என்ற கண்டனம் எழுந்தது. பின்னர் வந்த ஆய்வு நெறிகள், அதே வடிவில் அதை மறுபடி நடத்த இடம் தரவில்லை.

லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் ஆய்வாளர் மெல் ஸ்லேட்டரின் குழு, அந்த ஆளின் இடத்தில் ஒரு மெய்நிகர் பெண்ணை உட்காரவைத்தது. ஆய்வு 2006-ல் வெளியானது. கலந்துகொண்டவர்கள் 34 பேர். எதிரே இருப்பது வெறும் படம் என்பது அத்தனை பேருக்கும் தெரியும். எப்போது வேண்டுமானாலும் நிறுத்தலாம் என்றும் சொல்லியிருந்தார்கள். 23 பேர் அவளைக் கண்ணால் பார்த்தார்கள், குரலைக் கேட்டார்கள். மற்ற 11 பேருக்கு அவளுடைய விடை எழுத்தாக மட்டுமே வந்தது.

வோல்ட் ஏற ஏற அவள் முனகினாள், தொடர விருப்பமில்லை என்றாள். பார்த்துக்கொண்டிருந்தவர்களின் இதயத் துடிப்பிலும் தோலின் வியர்வையிலும் பதற்றம் பதிவானது. சிலர் கேள்வியைப் படிக்கும்போது சரியான சொல்லை மட்டும் அழுத்திச் சொல்லி அவளுக்கு உதவப் பார்த்தார்கள். அந்த 23 பேரில் 6 பேர் முடிவுவரை போகாமல் நிறுத்திவிட்டார்கள். எழுத்தை மட்டும் பார்த்தவர்களிடம் இந்த அளவு தவிப்பு இல்லை.

பொய் என்று அறிவுக்குத் தெரிந்தும் உடல் ஏன் பதறியது? முகமும் குரலும் எதிரே வந்துவிட்டால், அறிவு தீர்ப்புச் சொல்லும்வரை நம் இரக்கம் காத்திருப்பதில்லை. மெய்நிகர் தொழில்நுட்பத்தின் பலமும் ஆபத்தும் இங்கேதான் இருக்கின்றன. உயரத்தைக் கண்டு அஞ்சுகிறவரை, கணினியில் வரைந்த பாலத்தில் நடக்கவைத்து மருத்துவர்கள் பயத்தைத் தணிப்பது இந்த இயல்பை நம்பித்தான். அச்சத்தை இப்படிப் பழக்கிக் குறைக்க முடியும் என்றால், இரக்கத்தையும் பழக்கி மழுங்கடிக்க முடியுமா என்று கேட்டாக வேண்டும்.

விலங்கை வதைப்பவன் மனிதர்களிடமும் கல்நெஞ்சனாகிவிடுவான் என்று இம்மானுவேல் காண்ட் 18-ஆம் நூற்றாண்டிலேயே எச்சரித்தார். செய்பவனுக்கு நேரும் தீங்கைக் கணக்கில் எடு என்கிறது அந்த வாதம். ஜெர்மனியின் மைன்ஸ் பல்கலைக்கழகத் தத்துவவாதிகள் மைக்கேல் மேடரி, தாமஸ் மெட்சிங்கர் இருவரும் 2016-ல் மெய்நிகர் ஆய்வுக்கான நெறிமுறை ஒன்றை முன்வைத்தார்கள். கருவியைக் கழற்றிய பிறகும் அதன் தாக்கம் நம் நடத்தையில் நீடிக்கக்கூடும், சம்மதம் கேட்கும்போதே அதைச் சொல்லிவிட வேண்டும் என்பது அதில் முக்கியமான கோரிக்கை. ஆய்வுக்கூடத்துக்கு இந்த விதி என்றால், வரவேற்பறையில் பிள்ளைகள் கையில் கொடுக்கும் கருவிக்கு இன்னும் கண்டிப்பான விதி வேண்டாமா?

பலர் கூடும் மெய்நிகர் வெளிகளில் நிலைமை இன்னும் தெளிவு. அங்கே ஒவ்வொரு உருவத்துக்குப் பின்னாலும் ஒரு மனிதர் இருக்கிறார். பெண் ஒருவரின் உருவத்தை யாரோ அத்துமீறித் தொட வரும்போது அவர் கண்முன்னே, அவர் உடலை நோக்கித்தான் அந்தக் கை நீள்கிறது. இத்தகைய புகார்கள் எழுந்த பிறகு, 2022 பிப்ரவரியில் மெட்டா நிறுவனம் தன் மெய்நிகர் வெளியில் உருவங்களுக்கு இடையே ஏறக்குறைய 4 அடி இடைவெளியைக் கட்டாயமாக்கியது. நல்ல ஏற்பாடுதான். ஆனால் வேலியைப் பிறகு போட்டார்கள், அதற்கு முன்பே பலர் காயப்பட்டுவிட்டார்கள். முதல் ஆள் உள்ளே நுழையும் முன்பே இந்தப் பாதுகாப்பு இருந்திருக்க வேண்டும்.

“நிஜத்தில் எதுவும் நடக்கவில்லையே” என்ற சமாதானத்தை நாம் இனி ஏற்கக் கூடாது. செய்தவரின் முடிவு நிஜம், பார்த்தவரின் பதற்றம் நிஜம். பொறுப்பும் நிஜமாகத்தான் இருக்க வேண்டும்.

அடுத்த வாரம்: ஒருவரின் தலையும் கையும் அசைவதை 100 வினாடி கவனித்தே, 50,000-க்கும் மேற்பட்டவர்களில் அவர் யார் என்று 94 சதவீதத் துல்லியத்தோடு சொன்னது 2023-ல் வெளியான ஓர் ஆய்வு. அப்படியானால் நம் அசைவுகள் யாருக்குச் சொந்தம்?

(தொடரும்)