போட்டியில் வென்ற ஃப்ளாஷ் எங்கே போனது?

பழைய தமிழ்க் கற்றல் தளம் ஒன்றைத் திறக்கிறீர்கள். உயிர்மெய் எழுத்துகளை இழுத்துப் பொருத்தும் விளையாட்டு ஒன்று அதில் உண்டு என்று ஆசிரியர் சொல்லியிருந்தார். திரையில் தெரிவதோ ஒரு சாம்பல் நிறப் பெட்டி மட்டும். 'இந்தச் செருகுநிரலை உலாவி ஏற்கவில்லை' என்று அதனுள் ஒரு வரி. விளையாட்டின் கோப்பு இன்னும் அங்கேதான் இருக்கிறது. அதைத் திறக்கும் சாவிதான் உலகத்தில் இல்லாமல் போய்விட்டது.

அந்தச் சாவியின் பெயர் ஃப்ளாஷ். ஒரு காலத்தில் இணையத்தில் இருந்த ஒவ்வொரு கணினியிலும் அது இருந்தது என்றே சொல்லலாம். போட்டியாளர்களை எல்லாம் வென்ற பிறகும் அது ஏன் மறைந்தது? கோல சிலாங்கூரிலும் பெஸ்தாரி ஜெயாவிலும் கைப்பேசியில் காணொலி பார்த்து வளரும் இன்றைய மாணவர்கள் இந்தக் கதையைத் தெரிந்துகொள்ள வேண்டும். ஏனென்றால் இதில் இழந்தவர்களில் நாமும் உண்டு.

படம் காட்டத் தெரியாத உலாவி

1990களில் இணைய உலாவிக்கு எழுத்தும் நிலைப்படமும் மட்டுமே காட்டத் தெரியும். ஒலி, காணொலி, அசைவூட்டம் வேண்டுமானால் வெளியிலிருந்து ஒரு சிறு மென்பொருளைக் கொண்டுவந்து உலாவியில் பொருத்த வேண்டும். அதுதான் பிளக்-இன் எனப்படும் செருகுநிரல்.

1995இல் ரியல் ஆடியோ வந்தது. ஆப்பிளின் குயிக்டைம், மைக்ரோசாப்டின் விண்டோஸ் மீடியா ஆகியவையும் களத்தில் இருந்தன. ஒன்றுக்காகச் செய்த கோப்பை மற்றொன்று பெரும்பாலும் திறக்காது. ஜாரிங், டிஎம்நெட் வழியாகத் தொலைபேசிக் கம்பியில் இணையத்தைப் பெற்ற காலம் அது. ஒரு பாடலைக் கேட்பதற்கு முன் அதற்கான இயக்கியைப் பதிவிறக்கவே நெடுநேரம் காத்திருக்க வேண்டும்.

தமிழ் எழுத்தே இப்படியொரு போட்டியில் சிக்கியிருந்தது. கணினியில் உரிய எழுத்துரு இல்லாவிட்டால் தமிழ்ப் பக்கம் புரியாத குறிகளாகத் தெரியும். இதைச் சமாளிக்க, பக்கத்தோடு சேர்ந்தே இறங்கும் இயங்கு எழுத்துருக்கள் வந்தன. ஆனால் நெட்ஸ்கேப் உலாவி ஒரு வகையையும், இன்டர்நெட் எக்ஸ்புளோரர் வேறொரு வகையையும் ஆதரித்தன. இரு தரப்பு வாசகர்களும் படிக்க வேண்டுமானால் ஒரே பக்கத்துக்கு இரண்டு எழுத்துருக் கோப்புகள் தேவைப்பட்டன.

இந்தச் சிக்கலைத் தீர்த்தது அந்த இரண்டில் ஒன்று அல்ல. எல்லா நிறுவனங்களும் ஏற்ற பொதுத்தரமான யூனிகோடுதான் தீர்த்தது. 1991இல் வெளியான அதன் முதல் பதிப்பிலேயே தமிழ் இடம்பெற்றது. விண்டோஸ் 2000 அதற்கு ஆதரவு தந்தது. நம் நாட்டின் முத்து நெடுமாறன் உருவாக்கிய முரசு அஞ்சலும் யூனிகோடை ஏற்றது. இன்று நீங்கள் எந்தக் கைப்பேசியிலும் தமிழில் செய்தி அனுப்ப முடிவதற்கு அந்தப் பொதுத்தரமே காரணம்.

ஃப்ளாஷின் பொற்காலம்

நம் நாட்டில் மல்டிமீடியா சூப்பர் காரிடோர் தொடங்கிய அதே 1996ஆம் ஆண்டில் 'ஃபியூச்சர்ஸ்பிளாஷ்' என்ற சிறிய அசைவூட்ட மென்பொருள் வெளிவந்தது. மேக்ரோமீடியா நிறுவனம் அதை வாங்கி 'ஃப்ளாஷ்' என்று பெயர் மாற்றியது. 2005இல் அது அடோபியின் கைக்குப் போனது.

அது வென்றதற்குத் தகுந்த காரணம் உண்டு. படத்தைப் புள்ளிகளாகச் சேமிக்காமல் கோடுகளாகவும் வளைவுகளாகவும் சேமித்ததால் கோப்பு மிகச் சிறியது. மெதுவான இணைப்பிலும் ஓடும். நிரல் எழுதிப் பழகாதவரும் அதில் அசைவூட்டம் செய்யலாம். 2005இல் பிறந்த யூடியூப், காணொலிக்கு ஃப்ளாஷையே நம்பியது. மைக்ரோசாப்ட் 2007இல் சில்வர்லைட்டை எதிர்த்து நிறுத்தியது. 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கை அமெரிக்காவில் இணையத்தில் காட்டியது சில்வர்லைட்தான். ஆனாலும் ஃப்ளாஷை அதனால் அசைக்க முடியவில்லை.

தமிழுக்கு இதில் என்ன தொடர்பு? 1999இல் 87 பள்ளிகளில் பெஸ்தாரி பள்ளித் திட்டம் முன்னோடியாகத் தொடங்கியபோது, அதற்கான பாட மென்பொருள் மலாய், ஆங்கிலம், அறிவியல், கணிதம் ஆகிய நான்கு பாடங்களுக்கே தயாரானது. தமிழுக்கு வேண்டியதை ஆசிரியர்களும் ஆர்வலர்களும் தாங்களே செய்துகொள்ள வேண்டியிருந்தது. அப்படிச் செய்பவர்களுக்கு எளிதாகக் கிடைத்த கருவி ஃப்ளாஷ்.

வீழ்ச்சி

2007இல் வந்த ஐபோனில் ஃப்ளாஷுக்கு இடமில்லை. 2010 ஏப்ரலில் ஸ்டீவ் ஜாப்ஸ் அதற்கான காரணங்களைத் திறந்த கடிதமாக எழுதினார். மின்கலத்தை விரைவில் தீர்க்கிறது, பாதுகாப்பில் ஓட்டை இருக்கிறது, தொடுதிரைக்கு ஏற்றதல்ல, ஒரே நிறுவனத்தின் கட்டுப்பாட்டில் உள்ளது என்பவை அவற்றில் சில. ஆப்பிளும் தன் செயலிக் கடையைத் தானே கட்டுப்படுத்தும் நிறுவனம்தான் என்று அடோபி தரப்பினர் திருப்பிக் கேட்டதில் நியாயம் இருந்தது. ஆனால் மக்கள் கைப்பேசிக்கு மாறிக்கொண்டிருந்தார்கள். 2011 நவம்பரில் கைப்பேசிக்கான ஃப்ளாஷை அடோபியே கைவிட்டது.

இதற்கிடையில் காணொலியை உலாவியே நேரடியாக இயக்கும் எச்.டி.எம்.எல்.5 வளர்ந்து, 2014 அக்டோபரில் முறையான தரமானது. 2015 ஜனவரியில் யூடியூப் அதற்கு மாறியது. 2020 டிசம்பர் 31ஆம் தேதியோடு ஃப்ளாஷுக்கான ஆதரவு நின்றது. 2021 ஜனவரி 12 முதல் அதன் உள்ளடக்கம் ஓடாதபடி தடுக்கப்பட்டது. சில்வர்லைட்டும் அதே ஆண்டு அக்டோபரில் விடைபெற்றது.

மூன்றரை ஆண்டுகளுக்கு முன்பே அறிவித்தும் பலர் தயாராகவில்லை. தென் ஆப்பிரிக்க வருவாய்த் துறை தன் ஃப்ளாஷ் படிவங்களுக்காகத் தனி உலாவி ஒன்றையே வெளியிட வேண்டியதாயிற்று. அரசுக்கு அதைச் செய்ய ஆள்பலமும் பணமும் உண்டு. தமிழ் விளையாட்டு ஒன்றைச் செய்து பதிவேற்றிய ஓர் ஆசிரியருக்கு?

ஒரே மரத்தை நம்பினால்

கம்போங் குவாந்தானுக்குப் போனவர்களுக்குத் தெரியும். சிலாங்கூர் ஆற்றங்கரையில் மின்மினிகள் கூடி ஒளிர்வது பெரும்பாலும் பெரெம்பாங் மரங்களில்தான். அந்த மரங்களை வெட்டினால் வேறு மரத்துக்குப் போய்விடும் என்று யாரும் அலட்சியமாக இருக்க முடியாது. ஒரே நிறுவனத்தின் கோப்பு வடிவத்தை நம்பிய படைப்புகளின் நிலையும் இதுதான். மரம் அடோபியுடையது. ஒளிர்ந்தவை நம்முடையவை.

செருகுநிரல்கள் மறைந்தாலும் போட்டி முடியவில்லை. இன்று அது செயலிகளுக்குள் நடக்கிறது. பள்ளி விழாக் காணொலி ஒரு செயலியில் மட்டும், கவிதைப் போட்டிப் படைப்புகள் ஒரு வடிவமைப்புத் தளத்தில் மட்டும் என்று வைத்திருந்தால் நாமும் ஒற்றை மரத்தைத்தான் நம்பியிருக்கிறோம்.

மாணவர்கள் செய்யக்கூடியவை சில உண்டு. உங்கள் பழைய தமிழ்ப்பள்ளியின் கணினி அறையிலோ ஆசிரியர் வீட்டு அலமாரியிலோ குறுந்தட்டுகள் இருக்கின்றனவா என்று கேளுங்கள். எஸ்.டபிள்யூ.எஃப் என்று முடியும் கோப்புகள் கிடைத்தால் அழித்துவிடாதீர்கள். 'ரஃபிள்' என்ற இலவச மென்பொருள் அவற்றில் பலவற்றை மீண்டும் ஓட்டிக் காட்டும். 2020 நவம்பர் முதல் இன்டர்நெட் ஆர்க்கைவ் தளமும் அதைப் பயன்படுத்தியே பழைய ஃப்ளாஷ் படைப்புகளைக் காத்து வருகிறது. ஓடும் விளையாட்டைத் திரைப்பதிவாக எடுத்து எம்.பி.4 காணொலியாகவும் வைத்துக்கொள்ளலாம். செய்தவரின் அனுமதியைக் கேட்டுப் பெற மறக்க வேண்டாம்.

புதிதாக எதைச் செய்தாலும் எழுத்தை யூனிகோடில் வையுங்கள். மூலக்கோப்பின் ஒரு படியை உங்கள் கையிலும் வைத்திருங்கள். படிவம் ஐந்தில் கணினி அறிவியல் படிப்பவர்களும் பல்கலைக்கழகத்தில் நிரலாக்கம் கற்பவர்களும் இன்னொரு படி மேலே போகலாம். அந்த உயிர்மெய் விளையாட்டை எச்.டி.எம்.எல்.5இல் மறுபடி எழுதிப் பாருங்கள். விடுமுறையில் முடித்துவிடக்கூடிய வேலைதான் அது. இவ்வாண்டு முதலாம் ஆண்டில் சேர்ந்த பிள்ளைகளுக்கு அது பயன்படும்.